மூடுவதற்கு முன்னால் பாருங்கள்

(கோவில்பட்டியில் வீடு கட்டுவோருக்காக நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இன்று நான் பேச வந்திருப்பது பில்லர் குழியைப் பற்றி. அந்தக் குழிக்குள் போடுகிற ஃபுட்டிங் கான்கிரீட்டைப் பற்றி. வேறொன்றும் இல்லை. ஒரு மாலைப்பொழுது முழுக்க ஒரு குழியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நினைக்கிறீர்களா? நிறைய இருக்கிறது.

டைல்ஸ் எடுக்க எத்தனை கடை ஏறி இறங்குகிறோம்! தலைவாசல் கதவுக்கு மரம் பார்க்க எத்தனை ஊர் போகிறோம்! பெயிண்ட் நிறத்துக்கு வீட்டில் எத்தனை நாள் வாக்குவாதம்! நல்லதுதான், பார்க்க வேண்டியதுதான். ஆனால் டைல்ஸ் பிடிக்கவில்லை என்றால் பெயர்த்துப் போட்டு வேறு பதிக்கலாம். பூச்சு உதிர்ந்தால் கொத்திவிட்டுத் திரும்பப் பூசலாம். ஃபுட்டிங் சரியில்லை என்று பத்து வருஷம் கழித்துத் தெரிந்தால் என்ன செய்வீர்கள்? அதற்கு மேலே வீடே நிற்கிறதே!

இந்த வேலையின் இயல்பை நன்றாகக் கவனியுங்கள். இது முழுக்க முழுக்க மூடுகிற வேலை. குழியின் அடிமண்ணைப் பி.சி.சி. என்கிற கம்பியில்லாக் கான்கிரீட் மூடுகிறது. பி.சி.சி.யைக் கம்பி ஜாலி மூடுகிறது. ஜாலியைக் கான்கிரீட் மூடுகிறது. கடைசியில் கான்கிரீட்டை மண் மூடுகிறது. ஒரு முறை மூடிவிட்டால் அடியில் இருப்பது நம் ஆயுளில் நம் கண்ணுக்குத் தெரியப்போவதில்லை. ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான்: ஒவ்வொரு தடவையும், மூடுவதற்கு முன்னால் பாருங்கள்.

முதலில் மண். நாம் வாழ்வது கரிசல் சீமை. எழுத்தாளர் கி.ரா. எழுதி எழுதித் தீராத மண். பருத்தியும் கம்பும் உளுந்தும் மிளகாயும் தந்து நம்மை வளர்த்த மண். பயிருக்கு இது தாய். வீட்டுக்கு? சித்திரை வெயிலில் கரிசல் காட்டில் நடந்து பாருங்கள், பாதம் உள்ளே போகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழை விழுந்ததும் அந்த வெடிப்பையெல்லாம் காணோம். எங்கே போயிற்று? மண் தண்ணீரைக் குடித்து ஊதியிருக்கிறது. மாண்ட்மோரில்லோனைட் என்ற களித்தாது இந்த மண்ணில் இருக்கிறது. அதன் அடுக்குகளுக்கு இடையில் தண்ணீர் புகுந்தால் அடுக்குகள் விலகும், காய்ந்தால் நெருங்கும். வருஷா வருஷம் இதே கதை. இந்த மண்ணின் மேல் லேசான வீட்டைக் கட்டி உட்கார வைத்தால், மண் மழைக்காலத்தில் அதைத் தூக்கும், கோடையில் இறக்கும். எல்லா மூலையையும் ஒரே அளவில் தூக்காது என்பதுதான் கொடுமை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலும், மழைக்காலத்தில் சாத்த முடியாமல் இறுகும் கதவும் அங்கிருந்துதான் வருகின்றன.

மேடையில் இருக்கும் இந்த இரண்டு கண்ணாடிக் குடுவைகளைப் பாருங்கள். இரண்டிலும் ஒரே கரிசல் மண், காயவைத்துச் சலித்து, ஒரே எடை. ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். நேற்றே ஊற்றி வைத்தது. மண்ணெண்ணெயில் மண் ஊதாது, போட்டபடி கிடக்கிறது. தண்ணீர்க் குடுவையில் எவ்வளவு மேலே வந்திருக்கிறது பாருங்கள்! 24 மணி நேரம் வைத்து இரண்டின் உயரத்தையும் ஒப்பிடுவார்கள். தண்ணீரில் இருப்பது மண்ணெண்ணெயில் இருப்பதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் போனால் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய மண். ஆய்வுக்கூடத்தில் இது சின்னச் சோதனை. இதைக்கூடச் செய்யாமல் லட்சக்கணக்கில் பணத்தை மண்ணில் இறக்குகிறோமே, நியாயமா?

அப்படியானால் கரிசலில் வீடே கட்டக்கூடாதா? தாராளமாகக் கட்டலாம். கரிசல் நாலடி, ஐந்தடிதான், அதற்குக் கீழே சுக்கானோ பாறையோ வந்துவிடுகிறது என்றால், கரிசலை முழுக்கக் கடந்து அந்தக் கெட்டித் தளத்தில் ஃபுட்டிங்கை உட்காரவையுங்கள். பாதி வழியில் நிறுத்தாதீர்கள். கரிசல் ஆழமாக ஓடுகிறது என்றால் சாதாரண ஃபுட்டிங்கை மறந்துவிடுங்கள். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதற்கென்றே வளர்த்தெடுத்த முறை ஒன்று உண்டு: அண்டர் ரீம்டு பைல். குறைந்தது மூன்றரை மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு, அடியில் தண்டின் விட்டத்தைப் போல இரண்டரை மடங்கு விரிந்த குமிழ் ஒன்றைக் குடைந்து, கம்பி இறக்கிக் கான்கிரீட் நிரப்புவார்கள். மேல் மண் ஊதிச் சுருங்கும் ஆழத்துக்குக் கீழே அந்தக் குமிழ் ஊன்றிக்கொள்ளும். தூக்கினாலும் வராது. பைல்களின் மேல் ஓடும் பெல்ட் பீமுக்கு அடியில் 8 சென்டிமீட்டர் காலி இடம் விட வேண்டும், மண் ஊதினால் பீமை முட்டாமல் இருக்க. மும்பை ஐ.ஐ.டி.யில் கட்டி என்ற பேராசிரியர் காட்டிய வேறு வழியும் உண்டு. ஊதாத சரளை கலந்த செம்மண்ணைப் போதிய கனத்துக்குப் பரப்பி, கெட்டித்து, அதன் மேல் கட்டுவது. எது உங்கள் மனைக்குப் பொருந்தும்? மண் சொல்லும்.

மண்ணை எப்படிக் கேட்பது? பக்கத்து வீட்டில் எத்தனை அடி தோண்டினார்கள் என்று விசாரிப்பது நல்லதுதான். ஆனால் பக்கத்து மனை உங்கள் மனை அல்ல. உங்கள் மனையில் பழைய கிணறு இருந்திருக்கலாம், தூர்ந்த ஓடை இருந்திருக்கலாம், செங்கல்லுக்கு மண் எடுத்த பள்ளம் இருந்திருக்கலாம். துளையிட்டுப் பார்க்கும் சோதனை இருக்கிறது. 63.5 கிலோ எடையை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள். அந்த எண்ணிலிருந்து மண் சதுர மீட்டருக்கு எத்தனை டன் தாங்கும் என்று பொறியாளர் கணக்கிடுவார்.

ஒரே வீட்டில் நாலு பில்லர் பாறையில், நாலு பில்லர் கரிசலில்! இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எல்லாக் குழியும் ஒரே ஆழம் என்று நூல் பிடித்து வெட்டுவார்கள். ஆழம் ஒன்றாக இருந்து என்ன பயன்? தளம் ஒன்றாக இருக்க வேண்டாமா? வீடு முழுவதும் ஒரு அங்குலம் சமமாக இறங்கினால் யாருக்கும் தெரியாது. ஒரு பில்லர் மட்டும் இறங்கினால்தான் சுவர் கிழியும். நமது அடித்தளத் தர விதி தனித்தனி ஃபுட்டிங்குகளுக்கு அனுமதிக்கும் வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? நாலு மீட்டர் தள்ளி நிற்கும் இரண்டு பில்லர்களுக்கு இடையில் 6 மில்லிமீட்டர். அவ்வளவுதான்.

அடுத்து, குழியின் அகலம். “எல்லாத்துக்கும் அஞ்சுக்கு அஞ்சு வெட்டுங்க அண்ணாச்சி” என்று ஒரு வாய்மொழி நம் ஊரில் இருக்கிறது. இந்த அஞ்சடிக்கு அஞ்சடி எங்கே சரி, எங்கே தப்பு? கணக்கைக் கேளுங்கள். சேற்றில் வெறுங்காலோடு நின்றால் புதையும், பலகை போட்டு நின்றால் புதையாது. ஃபுட்டிங் அந்தப் பலகை. பில்லர்கள் இரண்டு பக்கமும் நாலு மீட்டர் இடைவெளியில் நிற்கின்றன என்று வையுங்கள். நடுப் பில்லர் ஒவ்வொரு தளத்திலும் 16 சதுர மீட்டரைச் சுமக்கிறது. தளம், சுவர், பூச்சு, சாமான், மனிதர் எல்லாம் சேர்த்து சதுர மீட்டருக்குத் தோராயமாக ஒன்றேகால் டன். ஒரு தளத்துக்கு 20 டன். கீழே ஒரு வீடு, மாடியில் ஒரு வீடு என்றால் இரண்டு தளம், 40 டன். ஃபுட்டிங்கின் சொந்த எடைக்கும் கொஞ்சம் சேர்த்தால் 44 டன். மண் சதுர மீட்டருக்கு 20 டன் தாங்கினால் 2.2 சதுர மீட்டர் போதும். அது ஒன்றரை மீட்டர் சதுரம், அதாவது அஞ்சுக்கு அஞ்சு! ஆனால் மண் 10 டன்தான் தாங்கும் என்றால்? பரப்பு இரட்டிப்பாகிறது. 2.1 மீட்டர் சதுரம் வேண்டும், ஏறக்குறைய ஏழுக்கு ஏழு. அங்கேயும் அஞ்சுக்கு அஞ்சு வெட்டினால் மண்ணின் தாங்குதிறனைப் போல இரண்டு மடங்குச் சுமையை அதன் தலையில் வைக்கிறீர்கள்.

இன்னொன்று. “பிறகு பையனுக்குக் கல்யாணம் ஆனதும் மேலே ஒரு மாடி எடுத்துக்கலாம்” என்பது நம் எல்லா வீட்டிலும் இருக்கிற ஆசை. நல்ல ஆசை. அதை வரைபடம் போடும் நாளிலேயே பொறியாளரிடம் சொல்லுங்கள். நல்ல மண்ணிலும் மூன்றாவது தளத்துக்கு அந்த நடுப் பில்லரின் ஃபுட்டிங் ஆறடி சதுரமாக வேண்டும். இன்று ஒரு அடி கூட்டுவது சுலபம். நாளைக்கு வீட்டுக்கு அடியில் போய்க் கூட்ட முடியாது.

சின்ன மனைகளில் ஒரு சங்கடம் உண்டு. எல்லைக்கோட்டை ஒட்டிப் பில்லர் நிறுத்துகிறோம். ஃபுட்டிங் பக்கத்து மனைக்குள் போக முடியாது. அதனால் பில்லர் ஃபுட்டிங்கின் ஓரத்தில் நிற்கிறது. சுமை ஓரத்தில் விழுந்தால் ஃபுட்டிங் ஒரு பக்கமாகச் சாயப் பார்க்கும். அந்த ஃபுட்டிங்கை உள்பக்கத்துப் பில்லரின் ஃபுட்டிங்கோடு உறுதியான பீம் போட்டு இணைக்க வேண்டும், அல்லது இரண்டு பில்லருக்கும் சேர்த்து ஒரே ஃபுட்டிங் போட வேண்டும். இது மேஸ்திரியின் அனுபவத்தில் முடிவு செய்கிற விஷயம் அல்ல. அண்ணாச்சிமார்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கைத்திறனுக்கு நான் தலைவணங்குகிறேன். இது கணக்கில் முடிவாக வேண்டியது.

வானம் தோண்டியாயிற்று. மூலைமட்டம் பார்த்தாயிற்றா? 9 மீட்டருக்கு 12 மீட்டர் வீடு என்றால் குறுக்கே நூல் பிடித்தால் 15 மீட்டர் வர வேண்டும், இரண்டு குறுக்கிலும். இப்போது குழிக்குள் இறங்கிப் பாருங்கள். அடியில் தளர்ந்த மண் கிடக்கிறதா? சேறு கிடக்கிறதா? இரவு மழை பெய்து தண்ணீர் நின்றதா? தண்ணீரை இறைத்தால் மட்டும் போதாது. ஊறி இளகிய மேல் மண்ணையும் வழித்து எடுக்க வேண்டும். சில இடத்தில் ஜே.சி.பி. அரையடி கூடுதலாக வாரிவிடும். உடனே பக்கத்திலிருந்து நாலு மண்வெட்டி மண்ணைத் தள்ளி மட்டம் பண்ணுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கலைந்த மண் கலைந்த மண்தான். கூடுதலாக வெட்டிய இடத்தைப் பி.சி.சி.யாலேயே நிரப்புங்கள். கடைசி ஒரு சாண் மண்ணைக் கையால் செதுக்கி எடுத்து, அன்றைக்கே மூன்று நாலு அங்குலம் பி.சி.சி. போட்டு மூடிவிடுங்கள். இதுதான் முதல் மூடல்.

அடுத்து கம்பி. ஜாலி பி.சி.சி. மேல் படுத்துக் கிடக்கக் கூடாது. ஃபுட்டிங்குக்கு நம் நாட்டுத் தர விதி ஐ.எஸ். 456 கேட்பது 50 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பிக்கு வெளியே அவ்வளவு கனத்துக்குக் கான்கிரீட். அடியிலும் வேண்டும், நாலு பக்கமும் வேண்டும். ஏன் வேண்டும்? ஈரம் கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும். துரு கம்பியைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கான்கிரீட்டை உள்ளேயிருந்து பிளக்கும். கவர் பிளாக்குக்குப் பதிலாக உடைந்த செங்கலையும் டைல்ஸ் துண்டையும் முட்டுக் கொடுக்கிறார்கள். செங்கல் தண்ணீர் குடிக்கிற பொருள். அது ஈரத்தை நேரே கம்பியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஐம்பது மில்லிமீட்டர் கான்கிரீட் கவர் பிளாக்கை வாங்குங்கள், அல்லது ஒரு வாரம் முன்பே நல்ல கலவையில் வார்த்துத் தண்ணீரில் போட்டு வையுங்கள்.

பில்லர் கம்பி ஜாலியின் மேல் உட்காரும் இடம் இன்னும் முக்கியம். கம்பியின் கால் எல் வடிவில் வளைந்து ஜாலியோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். ரிங் தரைமட்டத்தோடு நின்றுவிடாமல் ஃபுட்டிங்குக்குள்ளும் ஒரு அடி இறங்க வேண்டும். நில நடுக்கத்துக்கான விதி அப்படித்தான் சொல்கிறது. கம்பிக் கூட்டை நாலு பக்கமும் சட்டம் கொடுத்து நிறுத்துங்கள். இல்லாவிட்டால் என்ன ஆகும்? கான்கிரீட் கொட்டும் வேகத்தில் கூடு இரண்டு அங்குலம் நகரும். மறுநாள் நூல் பிடித்தால் பில்லர் கோட்டில் இல்லை. அப்புறம்? குழாயை மாட்டிக் கம்பியை வளைத்து இழுத்து நூலுக்குக் கொண்டுவருவார்கள். வீட்டின் சுமை முழுவதும் இறங்கி வருகிற வழியில் ஒரு கோணல்! பார்வைக்குப் பில்லர் நேராக இருக்கும். உள்ளே கம்பி நொடித்திருக்கும். கான்கிரீட் விழும் முன்பும், விழுந்து இறுகும் முன்பும் தூக்குக்குண்டு போட்டுப் பார்த்தால் இந்த அவலமே வராது.

இப்போது கான்கிரீட். இங்கேதான் என் மனம் மிகவும் பதறும். “என்ன அண்ணாச்சி, கலவை கெட்டியா இருக்கு, அரைக்குடம் தண்ணி விட்டா வழுவழுன்னு போகும்ல?” இந்தக் குரல் கேட்காத தளமே இல்லை. அந்த அரைக்குடம் என்ன செய்கிறது? 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் கணக்கு என்று வையுங்கள். அரைக்குடம் சேர்த்தால் 33 லிட்டர் ஆகிறது. கான்கிரீட்டின் பலம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது! சிமெண்ட் அதே, கம்பி அதே, கூலி அதே. பலம் மட்டும் போயிற்று. 1918இல் சிகாகோவில் டஃப் ஏப்ரம்ஸ் என்ற பொறியாளர் இந்த உறவை ஆராய்ந்து எழுதினார். தண்ணீர் கூடக்கூடப் பலம் குறையும் என்று அன்றே தெரிந்துவிட்டது. சிமெண்ட் இறுகத் தேவையான தண்ணீர் கொஞ்சம்தான். மிச்சத் தண்ணீர் ஆவியாகிப் போன இடமெல்லாம் நுண்ணிய ஓட்டை. கலவை ஓடவில்லை என்றால் பிளாஸ்டிசைசர் சேர்க்கலாம், மூட்டைக்கு எவ்வளவு என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். மழையில் நனைந்த எம்-சாண்டில் ஏற்கெனவே தண்ணீர் இருக்கிறது, அதையும் கழியுங்கள். ரெடிமிக்ஸ் வண்டி வந்தாலும் இதே விதிதான். வண்டியில் தண்ணீர் விடச் சொல்லாதீர்கள்.

தண்ணீரின் தரமும் பாருங்கள். நம் பக்கத்தில் சில போர்வெல்களில் தண்ணீர் கரிக்கும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது. ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுப்பதற்கு என்ன தயக்கம்?

குழி ஐந்தடி, ஆறடி ஆழம். மேலிருந்து பாண்டு பாண்டாகக் கவிழ்த்தால் ஜல்லி தனியே, சிமெண்ட் பால் தனியே பிரியும். ஒன்றரை மீட்டருக்கு மேல் உயரத்திலிருந்து கொட்டக் கூடாது. ஒரு தகரத்தைச் சரிவாக வைத்து இறக்குங்கள். குழி ஓரத்து மண் உள்ளே சரியாமல் தார்ப்பாய் விரியுங்கள். வைப்ரேட்டர் ஊசியைச் செங்குத்தாக விரைந்து இறக்கி, குமிழி அடங்கியதும் மெதுவாக எடுங்கள். கலவையை அதனால் தள்ளிக்கொண்டு போகாதீர்கள். பில்லர் அடியில் கம்பி நெருக்கமாக இருக்கும், அங்கே கூடுதல் கவனம் வேண்டும். ஒரு ஃபுட்டிங்கைத் தொடங்கினால் முடித்துவிட்டுத்தான் சாப்பாட்டுக்குப் போக வேண்டும். பாதியில் நிறுத்தி மாலையில் மிச்சம் போட்டால் அது ஒரே கல் ஆகாது. சரிவு ஃபுட்டிங் போடும் வழக்கத்தைப் பற்றி என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். சரிவில் நிற்க வேண்டுமே என்று கலவையைக் கரண்டியால் அறைந்து அறைந்து ஒட்டுகிறார்கள். அங்கே வைப்ரேட்டர் போட முடிவதில்லை. கொஞ்சம் கான்கிரீட் கூடினாலும் மட்டமான பெட்டி ஃபுட்டிங்கே மேல்.

அந்தக் கலவையிலேயே மூன்று கட்டி, 15 சென்டிமீட்டர் கனசதுரக் கட்டி, எடுத்து வையுங்கள். 28 நாள் கழித்து ஆய்வுக்கூடத்தில் நசுக்கிப் பார்த்தால் உங்கள் கான்கிரீட்டின் தரம் எம்-20ஆ, எம்-25ஆ என்று தெரிந்துவிடும்.

கியூரிங் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் செய்வதில்லை. இன்று கடையில் கிடைக்கும் சிமெண்ட் பெரும்பாலும் சாம்பல் கலந்த பி.பி.சி. அது மெதுவாகத்தான் பலம் ஏறும். நம் வெயிலுக்கு 14 நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு தடவை குழாயைப் பிடித்துவிட்டுப் போவது கியூரிங் அல்ல. ஈரச் சாக்கு மூடியபடியே கிடக்க வேண்டும்.

கடைசி மூடல் மண். பலகையைப் பிரித்ததும் நாலு பக்கமும் சுற்றிப் பாருங்கள். தேன்கூடு போல ஜல்லி தெரிகிற இடம் இருந்தால் பொறியாளர் வந்து பார்க்கும்வரை ஒரு மண்வெட்டி மண்கூட உள்ளே போகக் கூடாது. எல்லாம் சரி என்றால், தோண்டிய கரிசலையே திரும்பத் தள்ளாதீர்கள். சரளை மண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசு போட்டு இறுக்குங்கள். மொத்தமாகத் தள்ளித் தண்ணீரைப் பாய்ச்சினால் அன்றைக்கு நிரம்பியது போல இருக்கும், இரண்டு மழையில் உள்வாங்கி வீட்டுக்குள் தரை பதியும். வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்காவது வெளிப்பக்கம் வாட்டமாகத் தளம் போட்டு, கூரைத் தண்ணீர் அஸ்திவாரத்தில் விழாமல் ஒதுக்கிவிடுங்கள். கரிசலில் இது மிக மிக முக்கியம். செப்டிக் டேங்கையும் வேர் ஓடும் மரத்தையும் தள்ளி வையுங்கள்.

வீட்டுக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். கான்கிரீட் போடுகிற நாளில் வேலையாட்களை அவசரப்படுத்தாதீர்கள். மொத்தக் கூலி பேசி, இருட்டுவதற்குள் எட்டுக் குழியையும் முடி என்றால், முதலில் போவது வைப்ரேட்டர் நேரம்தான். இரண்டு நாளாக ஆகட்டும். ஒவ்வொரு மூடலுக்கும் முன்னால் டேப்பைப் பிடித்து, குழி எண் தெரிய, போனில் படம் எடுத்து வையுங்கள். மண், கம்பி, பலகை பிரித்த கான்கிரீட் என்று குழிக்கு மூன்று படமாவது இருக்கட்டும். பிற்காலத்தில் மாடி எடுக்க வரும் பொறியாளருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

வாசலில் ஒரு தாள் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு குழிக்கும் ஆழம், மண், கவர், கலவை, போட்ட நேரம் எழுத இடம் விட்டு அச்சிட்டது. வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், மேஸ்திரிமார்கள் வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளலாம். சிலர் தங்கள் மனை மண்ணைப் பையில் கட்டிக் கொண்டுவந்திருக்கிறீர்கள். எத்தனை அடி ஆழத்தில் எடுத்தது என்று சீட்டு எழுதி, பையோடு கட்டி இந்த மேசையில் வையுங்கள். மேல்மண் மட்டும் கொண்டுவந்தவர்கள் நாளைக்கு நாலடி தோண்டி எடுத்து வாருங்கள், மேல்மண்ணில் ஃபுட்டிங் உட்காரப்போவதில்லை. இனி உங்கள் கேள்விகளுக்கு வருவோம். கம்பி கட்டுகிறவர்களும் கலவை போடுகிறவர்களும் முதலில் கேளுங்கள்.